டாக்டரைத் தொந்தரவு செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. என் டாக்டர் பெரிய திறமைசாலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே போனால் ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரையும்தான் பார்க்கிறார். கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோய் வெளியே வந்துவிடுகிறேன். விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று சொல்லவில்லை. போன கீமோ முடிந்து பத்தாவது நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. அந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன், காலையில் சரியாகிவிட்டது. என் மகன் டாக்டரோடு தனியாகப் பேசிவிட்டு வந்து "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பான். அதைக் கேட்டால் பயம் கூடத்தான் செய்கிறது. ராத்திரியில் தூக்கமே இல்லை. "இப்படிப் பயந்துகொண்டே இருந்தால் மருந்து வேலை செய்யாது, தைரியமாக இரு" என்கிறார்கள். அது உண்மையா? நான் டாக்டரை மாற்றிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால் அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீங்கள் ஓரிரு வரியில் கடந்துபோன விஷயம் அது. கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பதறியதும் அங்கேதான்.

கீமோ மருந்துகள் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைக்கும். பெரும்பாலான மருந்துகளில், மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் அந்த எண்ணிக்கை மிகவும் கீழே இறங்கும். நீங்கள் சொல்லும் பத்தாவது நாள் அதன் நடுவில்தான் வருகிறது. அந்தச் சமயத்தில் கிருமி உள்ளே புகுந்தால் எதிர்க்க உடம்பில் ஆள்பலம் இல்லை. சீழ், வீக்கம், சளி என்று எதுவும் காட்டாமல் வெறும் காய்ச்சலாக ஆரம்பித்து, சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் விழுகிற அளவுக்குப் போய்விடலாம். அதனால்தான் கீமோ எடுப்பவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள் என்று என்னைப் போன்ற மருத்துவர்கள் சொல்கிறோம். பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும். மாத்திரை போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இந்த அளவைத் தாண்டியிருந்தால் உடனே போன் செய்யுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் போன் செய்யுங்கள். அது தொந்தரவு இல்லை. அந்த அழைப்பை எடுப்பதற்கென்றே அங்கே ஆள் இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் இரவில் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று இதுவரை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால், அடுத்த முறை நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சரி, இப்போது பயத்துக்கு வருகிறேன். பயந்தால் மருந்து வேலை செய்யாதா? அப்படி இல்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நோயாளிகளின் தலையில் தேவையே இல்லாமல் ஏற்றப்படும் சுமை இது. தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் வந்த 1,093 பேரின் மனநிலையையும் ஆயுளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. ஆய்வு முடிவதற்குள் அவர்களில் 646 பேர் இறந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் மனத்தெம்போடு இருந்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவும் இல்லை, மனம் தளர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் போகவும் இல்லை. புற்றுநோய் வந்தவர் பயப்படுவது இயல்பு. அழுவதும் இயல்பு. உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் "நான் பயந்ததால்தான்" என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள அது வழி வைத்துவிடுகிறது. அந்தக் குற்றச்சாட்டை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பயம் நேராகப் போய்க் கட்டியைத் தொடுவதில்லை. ஆனால் வாயை அடைத்துவிடுகிறது. ராத்திரிக் காய்ச்சலைச் சொல்லவில்லை, விரல் மரத்துப்போவதைச் சொல்லவில்லை, தூக்கம் இல்லை என்பதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டாக்டருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள உறவு உடம்பைத் தொடும் இடம் இதுதான். நல்ல உறவு என்றால் அவர் சிரித்துப் பேசுகிறார், தோளைத் தட்டிக்கொடுக்கிறார் என்று மட்டும் அர்த்தம் இல்லை. உங்கள் உடம்பில் நடப்பதைப் பயமில்லாமல் அவரிடம் சொல்ல முடிகிறதா, அவர் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா என்று பாருங்கள். நான் இரண்டையும் வைத்துத்தான் அளப்பேன்.

சொல்வதால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். நியூயார்க்கில் உள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத் திணறல், மரத்துப்போதல் போன்ற தொல்லைகளைக் கணினி வழியாகத் தாங்களே அடிக்கடி பதிவு செய்தார்கள். ஏதாவது மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும், அவர் கூப்பிட்டுப் பேசுவார். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 2017-ல் முடிவு வந்தது. பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். ஐந்து மாத வித்தியாசம். பல விலை உயர்ந்த மருந்துகளே இவ்வளவு தருவதில்லை. உங்கள் நோயின் நிலை வேறு, அதனால் இந்த மாதக் கணக்கை உங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். தொல்லையை உடனுக்குடன் சொன்னால் அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விரல் மரத்துப்போவதைச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான். எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் தரப்படும் பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் கை, கால் நுனி நரம்புகளைப் பாதிக்கும் என்பது எந்தப் புற்றுநோய் மருத்துவருக்கும் தெரிந்த விஷயம். சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். உடனே நிறுத்திவிடுவார் என்றும் இல்லை. அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், ஒரு தடவையைத் தள்ளிப்போடலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அல்லது இப்போதைக்குக் கவனித்துக்கொண்டு அப்படியே தொடரலாம். வலியும் எரிச்சலும் சேர்ந்தால் அதற்கு துலாக்செட்டின் போன்ற மாத்திரைகள் உண்டு. சொல்லாமல் முழு அளவிலேயே தொடர்ந்தால்தான் ஆபத்து. நரம்புப் பாதிப்பு பலருக்குச் சிகிச்சை முடிந்தபின் மெல்லக் குறைகிறது, ஆனால் சிலருக்கு வருடக்கணக்கில் நின்றுவிடுகிறது.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றால் அவசரத்தில் அது காற்றோடு போய்விடும். அதனால் என்ன வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "பட்டன் போட முடியலை, செருப்பு கழன்றாலே தெரியலை, டம்ளர் கையிலிருந்து நழுவுது, ரெண்டு வாரமா இப்படி இருக்கு" என்று சொன்னால் எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். பாதிப்பு எந்த அளவு என்று நாங்கள் தீர்மானிப்பதே அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்பதை வைத்துத்தான்.

அடுத்து, அந்தக் கம்ப்யூட்டர். நீங்கள் உள்ளே போகும்போது அவர் திரையில் பார்ப்பது பெரும்பாலும் உங்களைத்தான், அதாவது உங்கள் ரத்த அணுக்கள், கல்லீரல், போன தடவை கொடுத்த அளவு. அதில் ஒரு எண் தவறிப்போனால் ஆபத்து. இதைச் சொல்வதால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்காதது சரி என்று ஆகாது. ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு பலன் என்பது சோதித்தே பார்க்கப்பட்ட விஷயம். 1999-ல் வந்த ஒரு ஆய்வில், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பற்றி டாக்டர் பேசும் காணொளியை இரு பிரிவுப் பெண்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் மட்டும், "இது கஷ்டமான நேரம் என்று எனக்குத் தெரியும், நாம் சேர்ந்தே இதைக் கடப்போம்" என்ற பொருளில் டாக்டர் கூடுதலாகச் சில வார்த்தைகள் சொல்கிறார். மொத்தமே 40 விநாடிதான். அதைப் பார்த்த பெண்களின் பதற்றம் மற்ற பிரிவினரைவிடக் குறைவாக இருந்தது. நேரமில்லை என்று சொல்லும் என் சக மருத்துவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். 40 விநாடி யாரிடமும் இருக்கிறது.

ஆனால் எல்லா டாக்டரும் தாமாக அதைச் செய்வதில்லை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோயாளிகளும் டாக்டர்களும் பேசிய 20 உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் கவலையையோ துயரத்தையோ ஏதோ ஒரு வகையில் வெளிப்படுத்திய இடங்கள் 384. அவற்றில் டாக்டர் ஆறுதலாகப் பதில் சொன்ன இடங்கள் 39. பத்தில் ஒன்று. அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. நோயாளி மறைமுகமாகச் சொல்கிறார், டாக்டர் அதற்கு மருத்துவப் பதில் சொல்கிறார். "இன்னும் எத்தனை கீமோ டாக்டர்?" என்று நீங்கள் கேட்கும்போது, உள்ளே இருப்பது "என்னால் தாங்க முடியுமா?" என்ற கேள்வி. அவர் "மூன்று" என்று சொல்லி முடித்துவிடுவார். இருவர் மேலும் தவறில்லை, ஆனால் நீங்கள் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அதனால் நேராகவே சொல்லுங்கள். "டாக்டர், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நீங்க ஸ்கிரீனைப் பார்த்தே பேசும்போது எதையோ மறைக்கிறீங்கன்னு தோணுது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துச் சொல்லுங்க." இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்லிவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள். என் அனுபவம் அது.

நேரம் குறைவு என்பது உண்மைதான், அதைச் சமாளிக்கும் வழியும் இருக்கிறது. உட்கார்ந்தவுடன், அவர் கேள்வி கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே, "இன்னைக்கு மூணு விஷயம் சொல்லணும் டாக்டர்" என்று எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். மூன்றையும் தலைப்பாக ஒரே மூச்சில் சொல்லுங்கள்: காய்ச்சல், விரல், தூக்கம். விவரம் பிறகு. குடும்ப மருத்துவர்களை வைத்து 1999-ல் நடந்த ஒரு ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 23 விநாடியில் டாக்டர் இடையில் புகுந்து பேச்சைத் திருப்பிவிட்டார். இடைமறிக்காமல் விட்டபோது நோயாளிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக வெறும் 6 விநாடி. முதல் அரை நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. மூன்றுக்கு மேல் கேள்வி இருந்தால் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நாங்கள் எழுத்தைப் படித்துப் பழகியவர்கள், காதில் விழாததுகூடக் கண்ணில் படும்.

வெளியே வந்ததும் மறந்துபோகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான். டாக்டர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனேயே மறந்துபோகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. பதற்றம் கூடினால் மறதியும் கூடும். கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும். அல்லது அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பல டாக்டர்கள் மறுப்பதில்லை. எழுந்திருப்பதற்கு முன், "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று இரண்டு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு பழக்கத்தால் நிறையக் குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துபோகின்றன. தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்திவிடுவார்.

உங்கள் மகனைப் பற்றி. அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் தனியாகப் பேசுகிறார். குடும்பங்கள் மட்டும் அல்ல, மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 1961-ல் அமெரிக்காவில் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்வதில்லை என்றவர்கள் 90 சதவீதம். 1979-ல் அதே கேள்வியைக் கேட்டபோது, சொல்வோம் என்றவர்கள் 97 சதவீதம். இடையில் பதினெட்டு ஆண்டுகள்தான். மறைப்பதால் நோயாளி நிம்மதியாக இருப்பதில்லை, தனியாகக் கற்பனை செய்துகொண்டு தவிக்கிறார் என்பது புரிந்ததும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று கேட்டால் பயம் கூடுகிறது என்று. நோய் முற்றியவர்களிடம் கடைசிக் காலத்தைப் பற்றி டாக்டர் வெளிப்படையாகப் பேசினால்கூட அவர்களுக்கு மனச்சோர்வு கூடவில்லை என்று 2008-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. உங்கள் நிலை அது இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அறுவைக்குப் பின் நோய் திரும்பி வராமல் இருக்கத் தரும் கீமோ போலத்தான் தெரிகிறது. ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, உங்கள் டாக்டர் வாயால் நீங்கள் கேட்க வேண்டும். "இந்த மருந்து எதுக்கு? முழுசா குணமாக்கவா, இல்லை கட்டுக்குள் வைக்கவா?" என்று கேளுங்கள். மகனிடம், "நீ கேட்கிறதை எனக்கு முன்னாடியே கேளுப்பா, எனக்குத் தெரியாமப் பேசினாத்தான் எனக்குப் பயம்" என்று சொல்லுங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "என் விஷயத்தை என்னிடமே சொல்லுங்க." உங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் உங்களுக்குத்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. "இன்னைக்கு இது போதும்" என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதுதான்.

தூக்கம் வராததை வெறும் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். வாந்தியும் ஒவ்வாமையும் வராமல் இருக்க கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது இரண்டு மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். மருந்து ஏற்றிய முதல் சில நாள்தான் தூக்கம் போகிறதா, எல்லா நாளுமா என்று குறித்துவையுங்கள். முதல் வகை என்றால் மாத்திரையைக் காலையிலேயே எடுக்கச் சொல்வது போன்ற சிறிய மாற்றமே உதவலாம். எல்லா நாளும் என்றால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் மையங்களில் மன வேதனையைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோலில் குறிக்கச் சொல்வார்கள். கடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து எண் கொடுக்க வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவையா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். நீங்களே ஒரு எண் கொடுத்துப் பாருங்கள், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்பதைவிட "பத்துக்கு ஏழு" என்பது அவருக்கு எளிதில் விளங்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ வேறு இடத்தில் மாத்திரை வாங்கி, உங்கள் புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டாம். உதாரணத்துக்கு, பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து, பின்னால் உங்களுக்குத் தரக்கூடிய டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மூலிகை மருந்து எடுத்தாலும் இதே கதைதான். திட்டுவாரோ என்று பயந்து அதை மறைப்பவர்கள் நிறையப் பேர், கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்பார்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பாரத்தையும் ஒரே டாக்டர் மேல் வைக்கவும் வேண்டாம். கீமோ ஏற்றும்போது மணிக்கணக்கில் உங்கள் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான். டாக்டரிடம் வராத வார்த்தை அவரிடம் வரும். அவர் சொன்னால் டாக்டர் காதுக்கு விஷயம் சரியான மருத்துவ மொழியில் போகும். மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நான் இருக்கும் துறையான வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவையும் கேளுங்கள். அதன் பெயரைக் கேட்டாலே "அவ்வளவுதானா?" என்று பலர் அதிர்ந்துபோகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010-ல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே எங்கள் துறையின் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, ஆயுளும் நீண்டது. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். வலி, தூக்கம், வாந்தி, பயம் ஆகியவற்றைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்பதுதான் எங்கள் வேலை. நோய் குணமாகக்கூடியவர்களும் எங்களிடம் வரலாம்.

கடைசியாக, டாக்டரை மாற்றலாமா? அவர் சிரிக்கவில்லை, அதிகம் பேசவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் அவசரப்பட வேண்டாம். இதில் ஒரு விஷயம் உங்களை யோசிக்க வைக்கும். நுரையீரலிலும் பெருங்குடலிலும் புற்றுநோய் வந்து பரவிவிட்ட 1,193 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. அந்த நிலையில் கீமோ நோயை முழுதாகக் குணமாக்காது என்பதை நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதமும் பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதமும் புரிந்துகொள்ளவில்லை. அதிலும், "என் டாக்டர் ரொம்ப நல்லாப் பேசுவார்" என்று உயர்வாகச் சொன்னவர்களிடம்தான் இந்தத் தவறான புரிதல் கூடுதலாக இருந்தது. இனிமையாகப் பேசுகிற டாக்டர் கசப்பானதைச் சொல்லாமல் விட்டுவிடவும் கூடும். உங்கள் டாக்டர் பேச்சில் வறட்சியாக இருந்தாலும் கேட்டதற்கு நேரான பதில் சொல்கிறவராக இருக்கலாம். நீங்கள் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லையே.

எனவே ஒரு முறை, வேண்டுமானால் இரண்டு முறை, நான் சொன்ன மாதிரி கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டதற்காக அவமானப்படுத்தினால், காய்ச்சலையும் மரத்துப்போவதையும் தெளிவாகச் சொன்ன பிறகும் அலட்சியப்படுத்தினால், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல மறுத்தால், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றதும் கோபப்பட்டால் மாற்றுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. நல்ல டாக்டர்கள் இரண்டாவது கருத்துக்குத் தாமே கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டாவது கருத்து கேட்டதாலேயே டாக்டரை மாற்றியாக வேண்டும் என்றும் இல்லை. கேட்டுவிட்டுப் பழையவரிடமே தெளிவோடு திரும்பியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவது என்று முடிவானால் கீமோ நடுவில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயாப்சி ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, கட்டி எந்த வகை என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 பரிசோதனையும் உள்ள அறிக்கை, இதுவரை ஏற்றிய மருந்துகளின் பெயர், அளவு, தேதி, கடைசி ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ எடுத்திருந்தால் அது என எல்லாவற்றின் நகலையும் முதலில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய்க்குறிப்புகளின் நகல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. புது டாக்டர் பார்க்கும் நாள் உங்கள் அடுத்த கீமோ தேதிக்கு முன்னால் வருகிற மாதிரி உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு பழைய இடத்தில் சொல்லுங்கள்.